மில்லிக்கன் மைதானத்து மடு மண்

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு, மெக்சிகோவில் இருந்து வந்த பதினொரு உதைபந்தாட்டக்காரர்களின் வலது கால்கள் மில்லிக்கன் மைதானத்தின் வெள்ளைக் கோட்டுக்கு மேலே, தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில், இருபத்திரண்டு நிமிடம் அந்தரத்தில் நின்றன. அன்று வெயில் முப்பத்தொரு பாகை. கன்ரீனில் அவித்த சோளம் ஐந்து டொலர், தண்ணீர்ப் போத்தல் மூன்று டொலர். நடுவரும் எதிரணியும் உள்ளே போய்க் கைகுலுக்க ஆள் இல்லாமல் நின்றார்கள். சட்டப்படி பதினைந்து நிமிடம்தான் பொறுக்க வேண்டும். நடுவர் இரக்கமுள்ள மனிதர், இன்னும் ஏழு நிமிடம் பொறுத்தார். பிறகு விசிலை ஊதி, மூன்றுக்குப் பூச்சியம் என்று எதிரணிக்கு வெற்றியை எழுதினார். அவர் எழுதி முடித்ததும் பதினொரு கால்களும் வந்த பக்கமே திரும்பி, கோட்டுக்கு வெளியே இறங்கின. ஒருவருக்கும் சுளுக்குக்கூட இல்லை.

மெக்சிகோக் கழகங்கள் கண்டத்துப் பெரிய கிண்ணத்துக்குத் தங்களில் யார் போவது என்று தீர்மானிக்கும் தகுதிகாண் போட்டியை ஏன் இரண்டு எல்லை தாண்டி ரொறன்ரோவில் வந்து விளையாட வேண்டும் என்று நம்மவர் ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் பக்கத்துப் பக்கத்து மதிலோடு இருக்கும் இரண்டு பள்ளிக்கூடங்கள் தங்கள் நூற்றாண்டுச் சண்டையைக் கோடைக்குக் கோடை ஸ்காபரோவில் வைத்துத் தீர்க்கிறதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் ஊர் ஆட்டத்தின் ரிக்கற் விலை பெரிதாகத் தெரியாது. வாவிக்கரையில் உள்ள பெரிய மைதானத்தை ஒரு பாட்டுக்காரி முன்பதிவு செய்துவிட்டதால் நான்கு கழகங்கள் மில்லிக்கனுக்கு அனுப்பப்பட்டன. ஆளுக்கு மூன்று ஆட்டம், முதல் இரண்டு இடத்துக்கு வருபவர்கள் கிண்ணத்துக்குப் போகலாம். கால் அந்தரத்தில் நின்றவர்கள் சான் பெலிசியானோ என்ற சின்ன வரண்ட ஊரின் கழகம். இந்த முறை கிண்ணத்துக்குப் போகாவிட்டால் கழகத்தை ஊரோடு கழற்றி, கடற்கரையில் ஹோட்டல்கள் உள்ள இன்னொரு பட்டினத்தில் கொண்டுபோய்ப் பூட்டிவிடுவேன் என்று அதன் முதலாளி சொல்லியிருந்தார். அங்கே அது நடக்கிற காரியம்தான். லீமிங்ரன் தக்காளிப் பண்ணைகளில் கோடை வேலைக்கு வந்திருந்த அந்த ஊர் ஆட்கள் மூன்று பஸ் பிடித்து, நான்கு மணித்தியாலம் மேளம் அடித்துக்கொண்டு வந்தார்கள். போகும்போது மேளத்தை பஸ் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அடிக்காமல் போனார்கள்.

அவ்வளவு நேரமும் கோடு போடும் வண்டிலின் பிடியைப் பிடித்தபடி வடக்கு மூலையில் நின்ற பஸ்ரியனுக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. அவருக்கு அறுபத்தாறு வயது. பத்தொன்பது வருஷமாக அந்த மைதானத்துப் புல்லை வெட்டுவதும், தண்ணீர் விடுவதும், கோடு போடுவதும் அவர்தான். அவர் பார்த்தது கால்களை அல்ல, அவர்கள் போட்டிருந்த ஜேசிச் சட்டைகளை. மஞ்சள் ஜேசியின் நெஞ்சில், இடப்பக்கம், சுருண்டு வாலைத் தூக்கியபடி ஒரு பாம்பு. வாலில் கிலுகிலுப்பை உள்ள விரியன். அந்த ஊர்க்காரர் தங்களையும் அந்தப் பெயரால்தான் அழைப்பார்கள் என்று ஒலிபெருக்கியில் சற்று முன்னர் சொல்லியிருந்தார்கள். பஸ்ரியன் நான்கு மூலைக் கொடிக்கம்புகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

மன்னார் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால், இலங்கையில் மன்னார்க் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோவிலின் மண் உள்ள இடத்தில் பாம்பு தீண்டாது. தீண்டியவருக்கு அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். புது வளவு வாங்கினால் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சிட்டிகை போடுவார்கள். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் இதில் இல்லை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது மன்னாரில் இருந்து சனம் மடுவுக்கு நடந்தது. பஸ்ரியனும் மனைவி பேர்ணடெற்றும் ஐந்து வயது மகனும் நடந்தார்கள். மடுவுக்கு மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம் இருந்தபோது தெருவோரத்தில் பாயை விரித்துப் படுத்தார்கள். விடிந்தபோது மகன் எழும்பவில்லை. காலில் இரண்டு சின்னப் புள்ளி இருந்தது. பேர்ணடெற் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மூன்று கட்டையையும் நடந்து முடித்து, அவனை அங்கே புதைத்து, கோவில் முற்றத்து மண்ணில் ஒரு பிடி அள்ளிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மூன்று வருஷம் கழித்து அந்த மண் ஒரு ஜாம் போத்தலில் ரொறன்ரோ விமான நிலையத்துக்கு வந்தது. இது என்ன என்று கேட்ட அதிகாரிக்கு மருந்து என்று சொன்னார்கள். அது பொய்யில்லை. மகனின் பெயரை அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. கனடாவில் பிறந்த மகள் நிரோஷினி, தனக்கு ஓர் அண்ணன் இருந்ததையும் அவன் பெயரையும் ஒரு பழைய குடிவரவுப் படிவத்தில் வாசித்துத்தான் அறிந்துகொண்டாள்.

பஸ்ரியன் மைதானத்து வேலைக்குச் சேர்ந்த முதல் வசந்தத்தில் வடக்குக் கோலுக்குப் பின்னால் இருந்த கற்குவியலில் இருந்து, முதுகில் கோடு ஓடும் சிறிய கோட்டுப் பாம்புகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன. குளிர் முழுக்க ஒன்றாகப் படுத்துக் கிடந்துவிட்டு வருகிற பாம்புகள். விஷம் இல்லாதவை, கடித்தால் எறும்பு கடித்த மாதிரி என்று மைதானத்து மானேஜர் சிரித்தார். பஸ்ரியன் வீட்டுக்கு வந்து சொன்னபோது பேர்ணடெற் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை சாப்பாட்டுப் பெட்டியோடு ஜாம் போத்தலையும் எடுத்துத் தந்தார். பிள்ளையள் விளையாடுற இடம் என்று மட்டும் சொன்னார். பஸ்ரியன் நான்கு மூலையிலும் கொடிக்கம்புக் குழிக்குள் ஒவ்வொரு கரண்டி போட்டு மூடினார். பாம்புகள் அன்று பின்னேரமே வரிசையாகப் புறப்பட்டு, ஸ்ரீல்ஸ் வீதியைப் பச்சை விளக்கில் கடந்து, அந்தப் பக்கம் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பத்தொன்பது வருஷம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

மண் தன் வேலையைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்தது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. கெண்டைக்காலில் நாகம் பச்சை குத்திய ஒரு பின்கள ஆட்டக்காரன், கோட்டுக்கு வெளியே நின்று பந்து எறிவதைத் தவிர எதுவும் செய்ய முடியாமல் கல்கரிக்கு மாறிப் போனான். பாம்புத் தோல் பெல்ற் கட்டிக்கொண்டு கிண்ணம் கொடுக்க வந்த ஒரு வர்த்தகப் பிரமுகர் உள்ளே போக, பெல்ற் வெளியே நின்றுவிட்டது. அவர் ஒரு கையால் கிண்ணத்தையும் மறு கையால் காற்சட்டையையும் பிடித்துக்கொண்டு உரை நிகழ்த்தினார். மரியாதை கருதி அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மெக்சிகோக் கொடியிலும் ஒரு பாம்பு உண்டு. ஆனால் அது ஏற்கெனவே கழுகின் வாயில் அகப்பட்டிருப்பதால் மண் அதைக் கண்டுகொள்ளவில்லை, கொடி ஒழுங்காக ஏறியது.

திங்கட்கிழமை காலை பயிற்சியின்போது சான் பெலிசியானோக்காரர் வெறும் வெள்ளை பெனியனோடு மைதானத்துக்குள் சாதாரணமாக நடந்து போனார்கள். ஜேசியைப் போட்டதும் கால் மேலேயே நின்றது. டொக்டர் ஒருவர் வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போட்டி அமைப்பின் அதிகாரியான பெண்மணி விதிப் புத்தகத்தைத் திறந்தார். பதிவு செய்த ஜேசியோடுதான் ஆட வேண்டும், சின்னத்தை மறைக்கவோ வெட்டவோ கூடாது. புதன்கிழமையும் உள்ளே வராவிட்டால் போட்டியில் இருந்தே நீக்கம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த பஸ்ரியன் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நான்கு மூலையையும் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, பதினொரு தள்ளுவண்டி மண்ணை வாகனத் தரிப்பிடத்து வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார். குழிகளுக்குக் கடையில் வாங்கிய பை மண்ணைப் போட்டார். அணி திரும்ப முயற்சி செய்தது, கால் இறங்கவில்லை. பத்தொன்பது வருஷம் தண்ணீர் விட்டு, கிளறி, புல் விதைத்து அந்த நான்கு கரண்டி மண்ணை மைதானம் முழுக்கப் பரப்பியவர் அவரேதான். அதோடு இன்னொரு தொல்லையும் வந்தது. பக்கவாட்டில் பெரிய பாம்புப் படம் ஒட்டிய அணியின் பஸ், வாசலில் கிடந்த மண் குவியலைத் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டது. பஸ்ரியன் பதினொரு வண்டி மண்ணையும் திரும்ப அள்ளிக்கொண்டுபோய் மூலைகளில் போட்ட பிறகுதான் அவர்கள் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இவ்வளவையும் நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் இருந்தார். பெயர் எவாரிஸ்தோ. நாற்பத்தொரு வருஷமாக அந்தக் கழகத்தின் ஜேசிகளைத் தோய்த்து, மடித்து, ஊர் ஊராகக் காவியவர். பஸ்ரியன் கடைசி வண்டியைக் கொட்டி முடித்து மூலையில் நின்று சிலுவை அடையாளம் போட்டதைக் கண்டதும் தொப்பியோடு எழுந்து வந்தார். இருவருக்கும் பொது மொழி இல்லை. நிரோஷினி மார்க்கம் நகரத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் ஸ்பானிய மொழி வாடிக்கையாளரின் தொலைபேசிகளுக்குப் பதில் சொல்பவள். பஸ்ரியன் அவளை அழைத்து, போனை இருவருக்கும் நடுவே புல்லில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்க அவருக்குத் தெம்பு இல்லை. எவாரிஸ்தோ ஆச்சரியப்படவில்லை. யாருடைய மண் என்று மட்டும் கேட்டார். மாதாவின் மண் என்றதும் தொப்பியைக் கழற்றினார்.

"அப்பா, அவர் சொல்லுறார், மாதாட மண்ணைக் கிண்டக் கூடாதாம்," என்றது போன். "மாதாட்டக் கேக்கத்தானாம் வேணும். வச்ச ஆள்தானாம் கேக்க வேணும். நீங்கள்தானே வச்சனீங்கள்?"

"நான் போட்டனான். வச்சது உன்ர அம்மா," என்றார் பஸ்ரியன்.

செவ்வாய் பின்னேரம் எவாரிஸ்தோவைக் காரில் ஏற்றிக்கொண்டு மக்னிக்கல் வீதிப் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு வந்தார். நிரோஷினியும் வேலையில் இருந்து நேரே வந்திருந்தாள். எவாரிஸ்தோ நல்ல மனிதராக இருந்தாலும் ஜேசிப் பையைக் காரில் விட்டுவிட்டு வரும் பழக்கம் இல்லாதவர். வாசற்படியில் அவர் உள்ளே வந்தார், பை வரவில்லை. கைப்பிடியோடு காற்றில் நின்றது. அவர் அதைச் சத்தமில்லாமல் எடுத்துப் புல்லில் வைத்துவிட்டு, காலணியைக் கழற்றினார். வீட்டின் நான்கு மூலையிலும் மண் இருப்பதைப் பஸ்ரியன் அவசரத்தில் மறந்துபோயிருந்தார். பேர்ணடெற் குசினி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"பைக்குள்ள என்ன கிடக்கு?"

"ஜேசி. பாம்புப் படம் போட்ட ஜேசி."

பேர்ணடெற் வந்தவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸும் கொண்டுவந்து வைத்தார். எவாரிஸ்தோ மூன்று பற்றிஸ் சாப்பிட்டார், ருசிக்காக மட்டுமல்ல, பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாததாலும். பிறகு தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அந்த ஊரை உண்டாக்கியது ரயில் பாதை போட வந்த கூலிக்காரர். கற்களுக்கு நடுவே வேலை. கிலுகிலுப்பை விரியன் கடிப்பதற்கு முதல் வாலை ஆட்டிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டு தப்பியவர்களின் பிள்ளைகள்தான் ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரும். கழகம் தொடங்கியபோது அந்த நன்றிக்காகத்தான் அதை நெஞ்சில் தைத்தார்கள். கழகம் போனால் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது என்றார். நிரோஷினி ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள்.

பேர்ணடெற் மேசைவிரிப்பின் மடிப்பை நீவிவிட்டார். "உங்கட பாம்பு சொல்லிப்போட்டுக் கடிக்கும்," என்றார். "எங்கட பாம்பு ஒண்டும் சொல்லேல்ல. பிள்ளை எனக்குப் பக்கத்திலதான் படுத்துக் கிடந்தவன். என்ர கைக்குள்ளதான். நான் முழிச்சுக்கூடப் பாக்கேல்ல."

நிரோஷினி இதை மொழிபெயர்க்கவில்லை. அவள் இதை முதல் தடவையாகக் கேட்கிறாள். எவாரிஸ்தோவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவும் இல்லை, பேர்ணடெற் பிள்ளையை அணைப்பது போலக் கையை மடித்துக் காட்டியதே போதும்; கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். பேர்ணடெற் எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். எவாரிஸ்தோ புல்லில் கிடந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிரோஷினியின் காரில் ஹோட்டலுக்குப் போனார்.

பஸ்ரியன் குசினிக்குள் போனார். கல்யாணம் முடித்து நாற்பத்தொரு வருஷத்தில் மனைவியிடம் ஒன்றைக் கேட்க அவர் இப்படிப் பயந்ததில்லை.

"நீர்தான் தந்தனீர். நீர்தான் கேக்க வேணும்," என்றார்.

"கேட்டா எல்லாப் பாம்பும் வரும்."

"ஓம்."

"பிள்ளையள் விளையாடுற இடம்."

"ஓம்."

"முப்பத்துநாலு வருஷமா நான் இந்த ஒண்டைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அண்டைக்குக் காவல் இருக்கேல்ல, அதுக்குத்தான் இண்டைக்கும் இருக்கிறன். இதையும் விடச் சொல்லுறீங்கள்."

பஸ்ரியன் கேட்டதற்காக வெட்கப்பட்டார். ஆனால் படுக்கையில் போய் விழுந்த பிறகு, அந்த மண் பாம்பை மட்டுமா வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது என்று அவருக்கு முதன்முறையாகத் தோன்றியது. இத்தனை வருஷமும் மகனும் வாசற்படிக்கு வெளியேதான் நிற்கிறான். பெயர் சொல்லி உள்ளே கூப்பிட ஒருவரும் இல்லை. அவர் தலையணையில் முகத்தை வைத்து அழுதார், அறுபத்தாறு வயதில் அதற்கு வெட்கப்படவில்லை.

புதன்கிழமை ஆட்டம் மாலை ஆறு மணிக்கு. பேர்ணடெற் வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சான் பெலிசியானோக்காரர் வரிசையாக வந்து, குனிந்து கோட்டைத் தொட்டு, சிலுவை போட்டு, வலது காலைத் தூக்கினார்கள். கால் மேலே நின்றது. சனம் மணிக்கூட்டைப் பார்த்தது. ஐந்து நிமிடம், ஒன்பது நிமிடம். பதினொன்றாவது நிமிடத்தில் ஸ்ரீல்ஸ் வீதித் தரிப்பில் நகரப் பேருந்து ஒன்று நின்றது. அதில் இருந்து கோவிலுக்குக் கட்டும் நீலச் சேலையோடு, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேர்ணடெற் இறங்கினார். வாசலில் ரிக்கற் கேட்டவனிடம் பஸ்ரியன்ர மனிசி என்றார். அந்த மைதானத்துக்கு அதுதான் அவருடைய முதல் வருகை. வடக்கு மூலையை யாரும் காட்டாமலே கண்டுபிடித்துப் போய், செருப்பைக் கழற்றி, கொடிக்கம்புக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, உள்ளங்கையை மண்ணில் வைத்தார். பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

"தாயே, உம்மட மண்ணில பிழையில்லை," என்றார். பக்கத்தில் நின்ற பஸ்ரியனுக்கு மட்டும் கேட்டது. "நான் சொன்னதைத்தான் அது கேட்டது. நான் றொய்சன்ர அம்மா. இனி வரட்டும்."

பதினொரு கால்களும் ஒன்றாக இறங்கின. மழைக்காலத்துத் தவளைகள் ஒரே நேரத்தில் குளத்துக்குள் பாய்ந்தது போல ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார், ஆட்டம் தொடங்கியது. பேர்ணடெற் எழும்பவில்லை, புல்லிலேயே சம்மணம் கட்டி இருந்தார். இடைவேளைக்குச் சற்று முன்னர் ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கத்தில் இருந்து முதலாவது கோட்டுப் பாம்பு வந்தது. சப்பாத்துக் கயிற்றின் பருமன்தான் இருக்கும். கோட்டருகே நின்று நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, பேர்ணடெற்றின் செருப்புக்கும் கைப்பைக்கும் நடுவே ஊர்ந்து, கற்குவியலை நோக்கிப் போனது. பேர்ணடெற் அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "உவ்வளவுதானோ," என்றார்.

சான் பெலிசியானோ அன்று இரண்டு கோலால் வென்றது. ஞாயிறு நடந்த மூன்றாவது ஆட்டத்தில் ஒரு கோலால் வென்றது. ஆறு புள்ளியோடு இரண்டாம் இடத்துக்கு வந்து கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. கிண்ணத்தில் முதல் சுற்றிலேயே மண் கவ்வியது வேறு கதை, முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கழகத்தை ஊரிலேயே விட்டுவைத்தார். லீமிங்ரன்காரர் அந்த ஞாயிறு மேளத்தைத் திரும்பிப் போகும்போதும் அடித்தார்கள். பாம்புகள் வாரத்துக்குள் எல்லாம் வந்து சேர்ந்தன. விளையாட வரும் பிள்ளை ஒன்றின் தாய் பாம்புகளை அகற்றச் சொல்லி மனுப் போட்டார், மானேஜர் ஓர் அறிவித்தல் பலகை வைத்தார். பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். இப்போது பாம்பு குறுக்கே போனால் பந்தை நிறுத்தி, போன பிறகு ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். நடுவர்கள் அந்த நேரத்தைக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

புறப்படுகிற அன்று எவாரிஸ்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேர்ணடெற்றிடம் திரும்பவும் பெயரைக் கேட்டார். இந்த முறை அவர் சொன்னார். எவாரிஸ்தோ அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, நிரோஷினியிடம் இன்னொன்று கேட்டார்.

"அம்மா, அண்ணாவுக்கு ஒரு ஜேசி அனுப்பப் போறாராம். என்ன சைஸ் எண்டு கேக்கிறார்." அண்ணா என்ற சொல்லை நிரோஷினி அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னாள்.

பேர்ணடெற் யோசித்தார். "ஐஞ்சு வயசு, அப்ப," என்றார். பிறகு விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். "இப்ப முப்பத்தொன்பது. அப்பாவின்ர உயரம் வந்திருக்கும், தோள் என்ர தம்பியின்ர மாதிரி. லார்ஜ் போடச் சொல்லு."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், றொய்சனுக்கு மீன் முள்ளு எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட மாட்டான் என்று பேர்ணடெற் தானாகச் சொன்னார். பஸ்ரியன் காரை ஒரு பிளாஸாவின் தரிப்பிடத்தில் நிறுத்தினார். இருவரும் இரண்டு மணித்தியாலம் மகனைப் பற்றிப் பேசினார்கள். அவன் பல்லு விழுந்தது, அவன் கோழிக்குப் பயந்தது, அவன் பூசையில் நித்திரை கொண்டது. சிலதில் இருவருக்கும் ஞாபகம் ஒத்துப்போகவில்லை, அதற்காகச் சண்டையும் பிடித்தார்கள்.

ஜேசி செப்ரெம்பரில் வந்தது. மஞ்சள், முதுகில் ஒன்பதாம் இலக்கம், அதன் மேல் றொய்சன் என்ற பெயர், நெஞ்சில் விரியன். வாசற்படியில் ஒரு தடையும் இல்லாமல் உள்ளே வந்தது. பேர்ணடெற் அதை முன்னறைக் கதவின் பின்னால் கொழுவினார். அடுத்த ஞாயிறு பூசையால் வந்து பார்த்தபோது அது வியர்வையில் நனைந்து, முழங்கைப் பக்கம் புல்லுக்கறையோடு தொங்கியது. முதலில் புருஷன் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று நினைத்து மணந்து பார்த்தார். நாற்பத்தொரு வருஷம் தான் தோய்த்த புருஷனின் வியர்வை அல்ல அது, ஆனால் தூரத்து ஆளின் வியர்வையும் அல்ல. குளிர்தண்ணீரில் ஊறப்போட்டார், சுடுதண்ணீர் பட்டால் புல்லுக்கறை போகாது. அன்று தொட்டு ஞாயிறுக்கு ஞாயிறு அப்படித்தான். பனி விழுந்ததும் நின்றுவிடும், மே மாதத்தில் திரும்பத் தொடங்கும். கொடியில் காய்கிற ஜேசி யாருடையது என்று பக்கத்து வீட்டுச் சந்திரவதனா அன்ரி கேட்டபோது, மூத்தவன்ர, ஞாயிறில விளையாடப் போறவன் என்று சொன்னார். அன்ரி தலையாட்டிவிட்டு, புல்லுக்கறைக்குக் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கோ என்றார்.

கறையைப் பார்த்தே எந்த இடத்துப் புல் என்று பஸ்ரியனுக்குத் தெரியும். வடக்குப் பெனால்ரிப் பெட்டிக்குள், கோலுக்குக் கொஞ்சம் இடப்பக்கம். முன்கள ஆட்டக்காரன் விழுந்து எழும்புகிற இடம். திங்கட்கிழமைகளில் அந்த இடம் மிதிபட்டு உழுது கிடக்கும். அவர் அதில் கொஞ்சம் விதை தூவி, மற்ற இடங்களை விட ஐந்து நிமிடம் கூடத் தண்ணீர் விடுகிறார்.